பக்கத்தில் பெரிய கடை வருகிறதா? ரோட்டுக் கணக்கை நாமே பார்ப்பது எப்படி: குமரி மாவட்டத்துக்கான முழு வழிகாட்டி

எங்கள் ஜங்ஷனில் பத்துப் பன்னிரண்டு தென்னை நின்ற ஒரு காலி மனை இருந்தது. ஒருநாள் தென்னையை வெட்டினார்கள். மறுவாரம் சுற்றிலும் தகரம் அடித்து மறைத்தார்கள். ஜவுளிக்கடை என்றார் ஒருவர், சூப்பர் மார்க்கெட் என்றார் இன்னொருவர். சாயாக்கடையில் நாலு மாதம் இதே பேச்சு. ஆனால் எந்த அலுவலகத்திலும் போய் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் உட்பட. கேட்கலாம் என்று கிளம்பியபோது மூன்றாவது மாடிக்குக் கான்கிரீட் போட்டு முடித்திருந்தார்கள். கடையின் கேட், பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே வந்துவிட்டது. இன்று சனிக்கிழமை சாயங்காலம் அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்ஸ் சைரனோடு நிற்பதை என் கண்ணால் பார்க்கிறேன்.

நான் கட்டட வரைபடம் வரையும் வேலையில் இருப்பவன். அந்த வரைபடத்தை ஆறு மாதம் முன்பே பார்த்திருந்தால், கேட் எங்கே வருகிறது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன். அந்த வருத்தத்தில்தான் அதற்கப்புறம் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து கேட்கும்போதெல்லாம் கூடப் போய் உட்கார்ந்து வேலை செய்கிறேன். அதில் கற்றதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. கடை வேண்டாம் என்று சொல்வதற்கான வழிகாட்டி இல்லை இது. கடை வரட்டும், நம் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை கிடைக்கும். ஆனால் "கடை வேண்டாம்" என்று எழுதிய மனுவை அதிகாரி ஓரமாக வைத்துவிடுவார். "கேட்டை 25 மீட்டர் தள்ளி வையுங்கள், காரணம் இது" என்று எழுதினால் அவர் பதில் எழுதியாக வேண்டும்.

படி 1: கடைக்காரரின் விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது, ரோடு யாருடையது

இந்த இரண்டும் வேறு வேறு கேள்விகள். பலர் இங்கேயே தடுமாறுகிறார்கள்.

மனை நாகர்கோவில் மாநகராட்சியின் 52 வார்டுகளுக்குள் இருக்கிறதா, குளச்சல், பத்மநாபபுரம், குழித்துறை, கொல்லங்கோடு போன்ற நகராட்சியிலா, பேரூராட்சியிலா, ஊராட்சியிலா என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் எல்லைகள் நெளிந்து நெளிந்து போகும். ரோட்டின் ஒரு பக்கம் ஒரு உள்ளாட்சி, மறுபக்கம் இன்னொன்று என்பது சாதாரணம். சர்வே எண் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பெரிய கடைக்கு இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று திட்ட அனுமதி. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் கீழ் வருவது இது; பெரிய வணிகக் கட்டடம் என்றால் கோப்பு நகர் ஊரமைப்புத் துறைக்கு, அதாவது எல்லோரும் டிடிசிபி என்று சொல்லும் அலுவலகத்துக்குப் போகும். இரண்டாவது கட்டட அனுமதி. அதை உள்ளாட்சி கொடுக்கும். "டிடிசிபி கொடுத்துவிட்டது, எங்கள் கையில் ஒன்றுமில்லை" என்று உள்ளாட்சியில் சொல்வார்கள். "உள்ளாட்சி அனுப்பியதைப் பார்த்தோம்" என்று அங்கே சொல்வார்கள். எனவே மனுவை இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் கொடுங்கள். தோவாளை, கல்குளம், விளவங்கோடு பக்கத்து மலையோரக் கிராமம் என்றால் ஹாக்கா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அந்தக் கிராமம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ரோடு. களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி போவது தேசிய நெடுஞ்சாலை 66. காவல்கிணறிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் வருவது 944. இவற்றின் ஓரத்தில் கேட் வைக்க வேண்டுமென்றால், தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம் மற்றும் போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டம், 2002இன்படி தனியாக அணுகல் அனுமதி வாங்க வேண்டும். ரோட்டோரத்தில் சொந்த நிலம் இருப்பதாலேயே நெடுஞ்சாலைக்குள் வண்டி இறக்கும் உரிமை வந்துவிடாது. இது கடைக்காரர்கள் பலருக்கே தெரியாது. மாநில நெடுஞ்சாலையோ மாவட்டச் சாலையோ என்றால் மாநில நெடுஞ்சாலைத் துறை. தெரு என்றால் உள்ளாட்சி.

படி 2: சட்டம் நமக்கு எங்கே இடம் கொடுக்கிறது என்று தெரிந்துகொள்வது

சில வெளிநாடுகளில் பெரிய கடை வருகிறதென்றால் போக்குவரத்து ஆய்வறிக்கையைப் பொதுவில் வைத்து, ஊர்க்கூட்டம் போட்டு, கேள்வி கேட்கவிட்டு அதற்கப்புறம்தான் முடிவெடுக்கிறார்கள். நம் ஊரில் ஒரு கடைக்கட்டடத்தின் திட்ட அனுமதிக்கு அப்படிப்பட்ட பொது விசாரணை கட்டாயம் இல்லை. யாரும் உங்கள் வீட்டுக்கதவைத் தட்டிச் சொல்லமாட்டார்கள். நாமேதான் போய்க் கேட்க வேண்டும்.

ஆனாலும் மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது, மனை குடியிருப்புப் பகுதி அல்லது விவசாயப் பகுதி என்று திட்டத்தில் இருந்து, அதை வணிகப் பகுதியாக மாற்றக் கேட்டிருந்தால், நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். நாளிதழின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் சர்வே எண்ணோடு வரும் விளம்பரம் அது. எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும் என்று அதிலேயே இருக்கும். எழுத்துபூர்வமான ஆட்சேபணைக்கு முறையாக இடம் கிடைப்பது இங்கேதான், இதைத் தவறவிடாதீர்கள்.

இரண்டாவது, கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால், அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடி, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். கட்டடத் திட்டங்களுக்கு அதில் மக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. ஆனால் விண்ணப்பத்தில் போக்குவரத்து பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆவணங்களை, சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான பரிவேஷ் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். 19,000 சொச்சத்தில் பரப்பு நின்றால், அதே ஆளுக்குப் பக்கத்து மனையில் இரண்டாம் கட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. மாநகராட்சி, நகராட்சியில் வார்டு குழுவும் பகுதி சபையும். கடைக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் கிராம சபையின் கையில் இல்லை. ஆனால் "இந்த ஜங்ஷனில் போக்குவரத்தை ஆய்வு செய்த பின்பே அனுமதி பற்றி முடிவெடுக்க வேண்டும்" என்ற தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு எந்த மேசைக்குப் போனாலும் அது கூடவே வரும். ஊராட்சி தனி அலுவலர் நிர்வாகத்தில் இருந்தாலும் தீர்மானத்தைக் கேட்டு வாங்குங்கள்.

படி 3: காகிதத்தைக் கையில் வாங்குவது

வதந்தியை வைத்து மனு எழுதாதீர்கள். ஆர்டிஐ எனப்படும் தகவல் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

"ஏன் அனுமதித்தீர்கள்?" என்று கேட்டால் "கேள்விக்கு விளக்கம் தர இச்சட்டத்தில் இடமில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்பது இப்படி: இந்தச் சர்வே எண்ணுக்கு வந்த திட்ட அனுமதி விண்ணப்பமும் அதன் தேதியும், மனை வரைபடம், தரைத்தளம், அடித்தளம் (பேஸ்மென்ட்) ஆகியவற்றின் வரைபட நகல், வாகன நிறுத்தக் கணக்கீட்டுத் தாள், கள ஆய்வு அறிக்கை, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துக் காவல், தீயணைப்புத் துறை ஆகியவை கொடுத்த கடிதங்கள், போக்குவரத்து ஆய்வு ஏதும் தாக்கல் செய்திருந்தால் அதன் நகல்.

கடைசியில் "கோப்பை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். நகலை விட இது நல்லது. கோப்பில் பென்சிலால் எழுதிய குறிப்புகள், ஒரு அதிகாரி கேட்ட கேள்வி, அதற்கு விண்ணப்பதாரர் கொடுத்த பதில் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

படி 4: வரைபடத்தில் எதைப் பார்ப்பது

என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வரைபடத்தை விரித்ததும் எல்லோரும் கட்டடத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் ரோட்டைப் பாருங்கள்.

ரோட்டின் அகலம் என்று ஒரு எண் எழுதியிருக்கும். அதுதான் மொத்தக் கட்டடத்துக்கும் ஆதாரம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி எவ்வளவு உயரம், எவ்வளவு தளப்பரப்பு என்பது முன்னால் உள்ள ரோட்டின் அகலத்தைப் பொறுத்தது. 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். நிபந்தனைகள் கடுமையாகும், போக்குவரத்துக் காவல்துறையின் கருத்தும் கேட்கப்படும். உயரம் 18.30க்குச் சற்றுக் கீழே நிற்கிறதென்றால் போக்குவரத்துக் காவலிடம் கோப்பு போகாமலே இருக்கலாம். நாமாகத்தான் அதைக் கேட்க வேண்டும்.

வரைபடத்தில் 12 மீட்டர் என்று இருந்தால், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு காலையில் ஆறு மணிக்குப் போங்கள். மனையின் முன்னால் மட்டும் அளக்காதீர்கள். இரண்டு பக்கமும் 100 மீட்டர் வரை, பத்து மீட்டருக்கு ஒரு இடமாக அளந்து எழுதுங்கள். நம் ரோடுகள் பல, பழைய குளத்தங்கரையும் சானல்கரையும்தான். மனை முன்னால் 12 இருக்கும். அறுபது மீட்டர் தள்ளி ஒரு கலுங்குப் பாலத்தில் 7 ஆகச் சுருங்கும். வண்டிகள் தேங்குவது அந்த 7இல்தான். புல வரைபடத்தை, அதாவது எஃப்எம்பியை, இணையத்தில் எடுத்து அதில் உள்ள அகலத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அது ஆக்கிரமிப்பாக இருக்கலாம். அதையும் மனுவில் சேர்க்கலாம்.

அப்புறம் கேட். ஜங்ஷன் முனையிலிருந்து எத்தனை மீட்டர்? பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலா? ரோட்டின் நடுத்தடுப்பில், அதாவது மீடியனில், இடைவெளி எங்கே? இடைவெளி தூரத்தில் இருந்தால் இருசக்கர வண்டிகள் சுற்றிப் போகாது, எதிர்த்திசையில்தான் வரும். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே கேட் என்றால் அதைப் பெரிய எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டுக்கு அடுத்து டிக்கெட் கொடுக்கும் பூத். ஒரு வண்டிக்கு டிக்கெட் கொடுக்க 20 விநாடி என்றால் நிமிடத்துக்கு மூன்று கார் உள்ளே போகும். நிமிடத்துக்கு ஐந்து கார் வந்தால் நிமிடத்துக்கு இரண்டு தேங்கும். பத்து நிமிடத்தில் இருபது கார். ஒரு காருக்கு இடைவெளியோடு 6 மீட்டர் வைத்தாலே 120 மீட்டர் வரிசை. பூத் ரோட்டு விளிம்பில் இருந்தால் அந்த 120 மீட்டரும் ரோட்டில்தான் நிற்கும். பூத்தை மனையின் பின்பக்கம் தள்ளச் சொல்வது, கடைக்காரருக்கு அதிகச் செலவில்லாத, ஊருக்குப் பெரிய நன்மை தரும் மாற்றம். நான் கூடப் போன ஒரு இடத்தில் கிடைத்ததும் இதுதான்: கேட் பக்கத்துத் தெருவுக்கு மாறவில்லை, ஆனால் பூத் உள்ளே போனது. அதற்கே அந்த ரோடு மூச்சு விடுகிறது.

வாகன நிறுத்தம். ஒரு கார் நிற்க 2.5க்கு 5 மீட்டர், இருசக்கர வண்டிக்கு 1க்கு 1.8 மீட்டர் என்பது விதி. வரைபடத்தில் கட்டம் கட்டமாக வரைந்து எண் போட்டிருப்பார்கள். அந்தக் கட்டங்களின் நடுவில் தூண் வருகிறதா பாருங்கள். வாகன நிறுத்த வரைபடத்தையும் தூண் வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் போதும். தூண் விழுந்த கட்டத்தில் கார் நிற்காது. சாய்தளத்தின் அடிவாரத்தில் ஒரு கட்டம், மின்மாற்றி முன்னால் ஒரு கட்டம் என்று இப்படிச் சில இடங்கள் காகிதத்தில் மட்டும் இருக்கும். அவற்றைக் கழித்து எண்ணுங்கள்.

அடித்தளத்தில்தான் நிறுத்தம் என்றால் மழையைக் கேளுங்கள். நமக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழை. தண்ணீர் ஏறினால் அடித்தளத்தை மூடுவார்கள். வண்டியெல்லாம் ரோட்டுக்கு வரும். மனை பழைய வயலோ குளத்துப்பற்றோ என்றால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

சரக்கு இறக்க லாரி எங்கே நிற்கும், எங்கே திரும்பும்? வரைபடத்தில் அப்படி ஒரு இடமே இல்லையென்றால் லாரி ரோட்டில் நின்றுதான் லோடு இறக்கும். வேறு வழியே இல்லை.

படி 5: ரோட்டில் உட்கார்ந்து எண்ணுவது

இதுதான் மொத்த வேலையின் நெஞ்சு. இதற்குப் பொறியாளர் தேவையில்லை. நாலு பேர், ஒரு நோட்டு, ஒரு கடிகாரம் போதும்.

நாங்கள் முதல் தடவை எண்ணியது ஒரு சனிக்கிழமை, சாயாக்கடை பெஞ்சில். ஒருவர் இருசக்கர வண்டி மட்டும், ஒருவர் கார், ஒருவர் ஆட்டோவும் சிறிய வேனும், நான் பஸ், லாரி, கூடவே ரோட்டைக் கடக்கும் ஆட்கள். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே அடிப்பது; 15 நிமிடத்துக்கு ஒரு முறை புதுக் கட்டம். கடைக்கார அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்து, "என்ன மக்கா, கவர்மென்ட் சர்வேயா?" என்றார். "இல்ல அண்ணாச்சி, நம்ம சர்வேதான்" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "ஆறே காலுக்கு டியூசன் விடும், அப்போ பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன மாதிரியே ஆறே காலுக்கு, ஐந்து நிமிடத்துக்குள் என் நோட்டில் கடந்துபோகும் ஆட்கள் கட்டம் நிரம்பி, ஓரத்தில் எழுத வேண்டியதாயிற்று. எல்லாம் சீருடைப் பிள்ளைகள். கடைக்காரர் வைக்கும் எந்தப் போக்குவரத்து ஆலோசகரின் அறிக்கையிலும் அந்த ஆறே கால் மணி இருக்காது. அந்த இடத்தில் தினமும் நிற்பவருக்குத்தான் அது தெரியும்.

எப்போது எண்ணுவது? ஒரு சாதாரண வேலைநாள் காலை 8 முதல் 10, சாயங்காலம் 4.30 முதல் 8. ஒரு சனிக்கிழமை சாயங்காலம். முடிந்தால் ஒரு ஞாயிறு, கோயில், சர்ச் விடும் நேரம்.

எண்ணியதை அப்படியே கூட்டக்கூடாது. ஒரு பஸ்ஸும் ஒரு பைக்கும் ஒன்றல்ல. இதற்காகக் காரை 1 என்று வைத்து மற்றதை அதற்கு ஏற்ப மாற்றும் பிசியு என்ற அளவு உண்டு. ரோடுகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐஆர்சி) 1990இல் வெளியிட்ட ஐஆர்சி 106 நகரச் சாலைகளுக்கு இதைச் சொல்கிறது. ஒரு வகை வண்டி மொத்தத்தில் 5 சதவீதம் அளவில் இருந்தால் ஒரு மதிப்பு, 10 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் இன்னொரு மதிப்பு. இருசக்கர வண்டிக்கு 0.5, 0.75. ஆட்டோவுக்கு 1.2, 2.0. சிறிய சரக்கு வண்டிக்கு 1.4, 2.0. பஸ், லாரிக்கு 2.2, 3.7.

ஒரு கணக்குக்காக, ஒரு மணி நேரத்தில் இரு திசையும் சேர்த்து 600 பைக், 220 கார், 100 ஆட்டோ, 40 சிறிய சரக்கு வண்டி, 40 பஸ்ஸும் லாரியும் போனதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000. பைக் 600ஐ 0.75ஆல் பெருக்கினால் 450. கார் 220. ஆட்டோ சரியாகப் 10 சதவீதம், எனவே 200. சரக்கு வண்டி 56. பஸ், லாரி 88. எல்லாம் கூட்டினால் 1,014 பிசியு.

இது அதிகமா, குறைவா? இங்கேதான் சண்டையே. அதே ஐஆர்சி 106, இருவழிப் போக்குவரத்து உள்ள இரண்டு தட ரோட்டுக்கு மூன்று வரம்பு சொல்கிறது. ஓரத்தில் கடை, வீட்டு வாசல் எதுவும் ரோட்டில் திறக்காத, வண்டி நிற்காத பிரதான சாலை என்றால் மணிக்கு 1,500. வாசல்கள் திறக்கும், ஆனால் ஓரத்தில் வண்டி நிற்காத ரோடு என்றால் 1,200. இரு பக்கமும் கடை, ஓரத்தில் நிறுத்திய வண்டிகள், குறுக்கே போக்குவரத்து என்றால் 900.

நாம் எண்ணிய 1,014ஐ ஆலோசகர் 1,200 வரம்போடு வைத்து, "இன்னும் 186க்கு இடமிருக்கிறது" என்று எழுதுவார். 900 வரம்போடு வைத்தால் கடை வருவதற்கு முன்பே ரோடு 114 மிஞ்சி நிற்கிறது. எண் ஒன்றுதான், ரோட்டுக்கு எந்தப் பெயர் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம். எனவே எண்ணும் நாளில், ஓரத்தில் நிற்கும் வண்டிகளை நேரம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். "இது 900 ரோடு" என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. டெரிக் ஜங்ஷனோ, வடசேரியோ, மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே உள்ள ரோடோ, சாயங்காலம் போய் நின்று பார்த்தால் அது எந்த வகை என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

படி 6: கடை வந்தால் எவ்வளவு கூடும்

வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து, இத்தனை சதுர அடிக்கு இத்தனை கார் என்று சில அறிக்கைகளில் போடுகிறார்கள். அந்த அட்டவணை காரில் மட்டுமே கடைக்குப் போகும் ஊர்களுக்கானது. நம் ஊரில் பைக்கில் மூன்று பேர், ஷேர் ஆட்டோவில் ஆறு பேர், மினி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள். அது நமக்குப் பொருந்தாது.

சுலபமான வழி, இதே மாதிரியான ஒரு கடை மாவட்டத்தில் எங்காவது ஏற்கெனவே இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அதன் கேட்டில் ஒரு மணி நேரம் நின்று, உள்ளே போகும் வண்டியையும் வெளியே வருவதையும் எண்ணுங்கள். அந்தக் கடையின் பரப்பு 2,000 சதுர மீட்டர், உள்ளே போனது 160 வண்டி என்று வைத்துக்கொண்டால், 5,000 சதுர மீட்டர் கடைக்கு ஏறத்தாழ 400. வெளியே வருவதையும் இதே மாதிரி கணக்கிட்டுக் கூட்டுங்கள். அந்த ரோட்டில் எப்படியும் போகிறவர்கள் சிலர் வழியில் கடைக்குள் ஏறுவார்கள். அவர்கள் புதுப் போக்குவரத்து அல்ல என்று எதிர்த்தரப்பு சொன்னால் அது நியாயம்தான், ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் கேட்டில் திரும்பி ரோட்டைக் குறுக்கே மறிப்பதில் அவர்களும் சேர்த்திதான்.

நிறுத்தத்துக்கு இன்னொரு பெருக்கல்: மணிக்கு வரும் கார்களின் எண்ணிக்கையை, ஒரு கார் நிற்கும் மணிநேரத்தால் பெருக்குங்கள். மணிக்கு 100 கார், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றால் 150 இடம் வேண்டும். காய்கறி வாங்க வருகிறவர் அரை மணி நேரத்தில் போய்விடுவார். கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வேனில் வரும் குடும்பம் மதியம் வந்தால் இருட்டித்தான் கிளம்பும். ஜவுளி, நகைக்கடை என்றால் நிற்கும் நேரத்தைக் கூட்டியே போடுங்கள். வேன் நிற்க வரைபடத்தில் இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் காருக்கு மட்டும்தான் வரைந்திருப்பார்கள்.

படி 7: எந்த மாதத்துக் கணக்கு என்று கேட்பது

ஆய்வறிக்கை கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது தேதியை. நம் மாவட்டத்தில் மாதத்துக்கு மாதம் ரோடு வேறு. ஓணத்துக்கு முந்தைய வாரம் கடைத்தெருவில் கால் வைக்க முடியாது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போய்த் திரும்பும் வண்டிகள் வரிசையாகக் கன்னியாகுமரிக்கு வரும். டிசம்பர் தொடக்கத்தில் கோட்டார் சவேரியார் திருவிழா, அதைத் தொட்டு கிறிஸ்துமஸ் கொள்முதல், சுசீந்திரம் மார்கழித் தேர், அப்புறம் தை பிறந்தால் கல்யாண முகூர்த்தம், மாசியில் மண்டைக்காடு. இதில் எந்த நாளையும் தொடாமல், மழை பெய்த ஒரு ஜூன் செவ்வாய்க்கிழமை எண்ணியிருந்தால் அந்த அறிக்கை பொய் இல்லை. ஆனால் அது கடை நிரம்பும் நாளைப் பற்றிய அறிக்கையும் இல்லை. "டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிலும் எண்ண வேண்டும்" என்று கேட்பது முழுக்க நியாயமான கோரிக்கை.

படி 8: மனு எழுதுவது, கொடுப்பது

ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். சர்வே எண், விண்ணப்ப எண். நாங்கள் எண்ணிய நாள், நேரம், எண்ணிக்கை. ரோட்டு அகல அளவுகள். அதற்கப்புறம் கோரிக்கைகள். கோரிக்கை ஒவ்வொன்றும் அனுமதி ஆணையில் அப்படியே நிபந்தனையாக ஏறக்கூடிய வாக்கியமாக இருக்கட்டும்:

"நுழைவாயிலும் வெளியேறும் வாயிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். டிக்கெட் வழங்குமிடம் மனையின் முன் எல்லையிலிருந்து குறைந்தது 40 மீட்டர் உள்ளே அமைய வேண்டும். சரக்கு வாகனங்கள் இரவு 9 முதல் காலை 7 வரை மட்டும், மனைக்குள்ளேயே சரக்கு இறக்க வேண்டும். முன்புறம் தடையில்லாத 1.8 மீட்டர் நடைபாதை விடப்பட வேண்டும். வாகன நிறுத்துமிடத்தை விற்பனைக்கோ கிடங்குக்கோ பயன்படுத்தக் கூடாது."

நடைபாதைக்கு 1.8 மீட்டர் என்பது என் விருப்பம் அல்ல, ஐஆர்சி 103 சொல்லும் குறைந்தபட்ச அளவு. 40 மீட்டர் என்பது உங்கள் மனையின் ஆழத்தைப் பார்த்து நீங்கள் போட வேண்டிய எண்.

யாருக்கு? உள்ளாட்சி ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ ஒன்று, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒன்று, ரோட்டுக்கு உரிய நெடுஞ்சாலைப் பிரிவுக்கு ஒன்று, போக்குவரத்துக் காவலுக்கு ஒன்று. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒன்று. அங்கே கொடுத்தால் எண் கிடைக்கும், அதை வைத்துப் பின்தொடரலாம். ஆட்சியர் தலைமையில் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. அந்த மனுவில் "சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பொருளாக வைக்க வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். எல்லாத் துறையும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அதுதான். அங்கே ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட முடியாது.

வார்டு கவுன்சிலரை முதல் நாளே கூட வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கடைக்காரரின் பொறியாளரிடமும் நேரில் பேசிப் பாருங்கள். தன் வாடிக்கையாளர் கேட் வாசலில் அரை மணி நேரம் மாட்டிக்கொள்வதை எந்த வியாபாரியும் விரும்பமாட்டார். வரைபடம் காகிதத்தில் இருக்கும்வரை, கேட்டை நகர்த்த எனக்கு ஒரு ரப்பரும் பென்சிலும் போதும்.

படி 9: கட்டி முடிக்கும் நேரம்

அனுமதி வந்ததும் ஆணையின் நகலை ஆர்டிஐயில் வாங்கி நிபந்தனைகளைப் படியுங்கள். கட்டும்போது மாதம் ஒருமுறை படம் எடுத்து வையுங்கள். இவ்வளவு பெரிய வணிகக் கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று வேண்டும். அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. நமக்கு இருக்கும் வலுவான பிடி இது. கட்டடம் முடியும் தறுவாயில், "நிறைவுச் சான்றுக்கான ஆய்வின்போது வாகன நிறுத்தம், கேட், நடைபாதை ஆகியவற்றை அனுமதித்த வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்" என்று படங்களோடு கடிதம் கொடுங்கள். திறப்பு விழா போஸ்டர் ஒட்டிய பிறகு கொடுத்தால் தாமதம்.

கடை திறந்து ஒரு வருடம் கழித்துத்தான் சில இடங்களில் அடித்தள நிறுத்தத்தில் பாத்திரப் பிரிவு வரும், தள்ளுபடி விற்பனைக்குப் பந்தல் வரும். அனுமதித்த வரைபடத்துக்கு மாறான பயன்பாடு அது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின் கீழ் நோட்டீஸ் கொடுக்கவும், பூட்டி முத்திரை வைக்கவும் அதிகாரம் உண்டு. ரோட்டில் லாரி நுழையும் நேரத்தைக் கட்டுப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இருக்கிறது. எதற்கும் பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அங்கே போகும்போது நீங்கள் கொடுத்த ஒவ்வொரு மனுவின் ஒப்புகைச் சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

திறந்த மூன்றாவது மாதம் மறுபடி எண்ணுங்கள். அதே பெஞ்ச், அதே சனிக்கிழமை சாயங்காலம், அதே நாலு பேர், அதே 15 நிமிடக் கட்டம். பழைய எண்ணிக்கை எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் புதியதை எழுதுங்கள். நோட்டை விரித்து இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் நகலெடுத்து, அடுத்த திங்கட்கிழமை மனுவோடு இணைத்துவிடுங்கள்.